விக்டோரியா காலனியின் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர்கள் யார்?

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் 1850-களிலேயே எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனவர்கள் யார்? தங்கம் தோண்டப் போன சாதாரண ஆட்களா, வழக்கம்போல நிலச்சுவான்தார்களா?"

இரண்டு பேருமே நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. கீழவையில் பெரும்பாலும் வணிகர்கள், கடைக்காரர்கள், வக்கீல்கள், பத்திரிகை நடத்தியவர்கள். மேலவையில்தான் நிலச்சுவான்தார்கள். கையால் உழைத்துச் சாப்பிட்டவர்கள் மிகச் சிலர். வாக்கு யாருக்கு உண்டு என்பதைவிட, ஜெயித்தவர் மெல்போர்னில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவார் என்ற கேள்விதான் அந்த மன்றத்தில் யார் இருப்பார்கள் என்பதைத் தீர்மானித்தது. வாக்குரிமை சீக்கிரம் வந்துவிட்டது. சம்பளம் வர மேலும் பதின்மூன்று வருஷம் ஆனது. அந்தப் பதின்மூன்று வருஷக் கதையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் பின்னணி. விக்டோரியா 1851-ல் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து தனிக் காலனி ஆனது. அதே வருஷம் தங்கம் கிடைத்தது. 1851-ல் ஏறத்தாழ 77 ஆயிரமாக இருந்த மக்கள் தொகை பத்தே வருஷத்தில் 5 லட்சத்து 40 ஆயிரத்தை நெருங்கியது. ஆனால் ஆட்சி அமைப்போ ஆடு மேய்த்த காலத்துக்கானது. 30 பேர் கொண்ட ஒரே அவை. அதில் 20 பேர் தேர்தலில் வந்தவர்கள், 10 பேர் நியமனம். தேர்தலும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். தொகுதிகளைப் பிரித்த விதத்தில் மேய்ச்சல் நிலக்காரர்களின் பகுதிகளுக்கு அளவுக்கு மீறிய இடங்கள். பல்லாரட்டிலும் பெண்டிகோவிலும் குழி தோண்டிக்கொண்டிருந்த பல்லாயிரம் பேருக்கு வாக்கே கிடையாது. ஆனால் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். உரிமச் சீட்டைக் காட்டச் சொல்லி போலீஸ்காரர்கள் குழி குழியாக வந்து வேட்டையாடுவார்கள்.

அது எங்கே போய் முடிந்தது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 1854 டிசம்பர் 3, விடிவதற்குச் சற்று முன்பு, பல்லாரட்டின் யுரேகாவில் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டியிருந்த தடுப்பு வேலியைப் படை தாக்கியது. தொழிலாளர் தரப்பில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பீட்டர் லாலருக்கு இடது தோளில் குண்டடி. ஆட்கள் அவரைப் பலகைகளுக்கு அடியில் மறைத்துவைத்து, பிறகு வெளியே கொண்டுபோனார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் வீட்டில் வைத்துக் கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அரசு அவர் தலைக்கு 200 பவுண்டு விலை வைத்தது. பிடிபட்ட 13 பேர் மீது ராஜத்துரோக வழக்கு போட்டார்கள். மெல்போர்ன் ஜூரிகள் ஒருவர் விடாமல் எல்லாரையும் விடுவித்தார்கள்.

அந்த லாலர் 1855 நவம்பரில், அதாவது வேலி சரிந்து ஒரு வருஷம் முடிவதற்குள், பல்லாரட்டிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே அரசின் அவையில் போய் உட்கார்ந்தார். கூடவே ஜான் ஹம்ஃப்ரே. ஆயுதம் எடுக்கக் கூடாது என்று கடைசிவரை வாதாடியவர் அவர். இருவரையும் ஒன்றாக அனுப்பியதில் பல்லாரட்காரர்களின் பக்குவம் தெரிகிறது என்பேன். தங்க வயல்களின் நிலையை ஆராய அரசு அமைத்த விசாரணைக் குழுவின் பரிந்துரைப்படி மாத உரிமம் ஒழிந்து, வருஷத்துக்கு ஒரு பவுண்டுக்கு 'மைனர்ஸ் ரைட்' என்ற சீட்டு வந்தது. அந்தச் சீட்டே வாக்குரிமையும் ஆனது. யுரேகா தோற்றது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

ஆனால் உறுப்பினர் ஆவதற்குச் சீட்டு மட்டும் போதாது. 1855-ல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் இரண்டு அவைகளை உண்டாக்கியது. கீழவைக்கு 60 பேர். அதில் நிற்க 2,000 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் அல்லது வருஷம் 200 பவுண்டு வரும்படி உள்ள நிலம் வேண்டும். மேலவைக்கு 30 பேர். அதில் நிற்க 5,000 பவுண்டு நிலம் அல்லது வருஷம் 500 பவுண்டு வரும்படி. மேலவைக்கு வாக்களிக்கவே 1,000 பவுண்டு நிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டதாரி, வக்கீல், டாக்டர், பாதிரியார், ராணுவ அதிகாரி என்று ஏதாவது ஒரு தகுதி வேண்டும். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. லாலர் தன் தலைக்கு விலை இருக்கும்போதே அரசு ஏலத்தில் பல்லாரட் பக்கம் நிலம் வாங்கினார். அதற்கு ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். கலகத் தலைவருக்கும் பட்டா இருந்தால்தான் மன்றத்தின் கதவு திறந்தது.

சார்லஸ் கேவன் டஃபியின் கதை இதைவிடத் தெளிவானது. அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர், சிறை பார்த்தவர், பிறகு லண்டன் நாடாளுமன்றத்திலும் இருந்தவர். அயர்லாந்தில் நம்பிக்கை அற்றுப்போய் 1856-ல் மெல்போர்ன் வந்து இறங்கினார். அரசியலுக்கு வா என்று ஐரிஷ்காரர்கள் கூப்பிட்டார்கள். அவருக்குச் சொத்துத் தகுதி இல்லை. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் வசூல் செய்து, 5,000 பவுண்டுக்கு ஒரு சொத்தை வாங்கி அவர் பெயரில் வைத்தார்கள். அந்தத் தகுதியோடு மன்றத்துக்குப் போன டஃபி செய்த முதல் பெரிய காரியம், கீழவை உறுப்பினருக்குச் சொத்துத் தகுதியே வேண்டாம் என்று மசோதா கொண்டுவந்ததுதான். 1857-ல் அது சட்டமானது. பிரிட்டனில் இதே தகுதி ஒழிந்தது அடுத்த வருஷம், 1858-ல். அந்த ஒரு மசோதாவுக்காகவே டஃபியை எனக்குப் பிடிக்கும். பின்னால் அவர் செய்த நிலச் சட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு வருகிறேன்.

1857-லேயே இன்னொரு சட்டத்தின் மூலம் கீழவைத் தேர்தலில் வயது வந்த எல்லா ஆண்களுக்கும் வாக்கு என்றானது. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் சொத்து வைத்திருப்பவர் ஒவ்வொன்றிலும் வாக்களிக்கலாம். இது 1899 வரை நீடித்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே விக்டோரியா உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்திருந்தது: ரகசிய வாக்குச் சீட்டு. அதுவரை தேர்தல் என்றால், வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் யாருக்கு வாக்கு என்று அறிவிக்க வேண்டும். முதலாளி, கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் எல்லாரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1855 டிசம்பரில் வில்லியம் நிக்கல்சன், வாக்கு ரகசியமாக இருக்க வேண்டும் என்று அவையில் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தார். தோற்ற முதல்வர் ஹெயின்ஸின் அரசு ராஜினாமா செய்தது. நிக்கல்சனால் அமைச்சரவை அமைக்க முடியாமல் போனதால் ஹெயின்ஸே திரும்பி வந்தார். ஆனால் தீர்மானம் நின்றது. ஹென்றி சாப்மன் என்ற வக்கீல் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தார். அரசாங்கமே சீட்டு அச்சடிக்கும். எல்லா வேட்பாளர் பெயரும் அதில் இருக்கும். சாவடியில் தனியாக ஒரு மறைவிடம் இருக்கும். வேண்டாதவர்களின் பெயர்களை அடித்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டும். இன்று நமக்கு இது இயல்பாகத் தெரிகிறது. அதற்கு முன்பு ரகசிய வாக்கெடுப்பு நடந்த சில இடங்களிலும் சீட்டை வேட்பாளரோ கட்சியோதான் அச்சடித்துக் கையில் கொடுக்கும். நிறத்தைப் பார்த்தே யாருக்கு என்று சொல்லிவிடலாம். சீட்டை அரசு அச்சடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சட்டம் 1856 மார்ச்சில் நிறைவேறியது. அடுத்த மாதமே தெற்கு ஆஸ்திரேலியாவிலும் ஒன்று வந்தது. பிரிட்டனுக்கு 1872 வரை ஆனது. வெளிநாடுகளில் இதற்கு 'ஆஸ்திரேலிய வாக்கு' என்றே பெயர் வந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். விக்டோரியாவின் சீட்டில் வாக்காளரின் பட்டியல் எண்ணையும் எழுதிவைத்தார்கள். தேர்தல் வழக்கு வந்தால் தேடிப் பார்க்கலாம் என்பது காரணம். தெற்கு ஆஸ்திரேலியா அந்த எண்ணை வைக்கவில்லை. அந்த வகையில் அவர்களுடையதே சுத்தமான முறை.

சரி, சொத்துத் தகுதி போய்விட்டது, வாக்கு எல்லா ஆண்களுக்கும், அதுவும் ரகசியம். இப்போது யார் வந்தார்கள்?

ஆரம்ப கால முதல்வர்களை வரிசையாகப் பாருங்கள். முதல்வர் ஹெயின்ஸ் மருத்துவம் படித்து, வந்த இடத்தில் விவசாயம் செய்தவர். ஓ'ஷானசி ஜவுளிக் கடைக்காரர், ஐரிஷ் கத்தோலிக்கர். நிக்கல்சன் மளிகைக் கடை வைத்து முன்னேறியவர். ஹீல்ஸ் குதிரை வண்டி கட்டும் தொழிலில் இருந்தவர். மெக்கல்லக் பெரிய வணிகர். பின்னால் வந்த கிரஹாம் பெர்ரி கடைக்காரராக இருந்து பத்திரிகை முதலாளி ஆனவர். அதே காலத்தில் லண்டனில் பிரதமராக இருந்தவர்கள் பாமர்ஸ்டன் பிரபுவும் டார்பி பிரபுவும். ஒரு மளிகைக் கடைக்காரர் அரசாங்கத்தின் தலைவர் ஆவது அங்கே நினைத்துப் பார்க்க முடியாதது. இங்கே அது நடந்தது. ஆகவே "வழக்கம்போல நிலச்சுவான்தார்கள்" என்று கீழவையைச் சொல்ல முடியாது.

ஆனால் இவர்கள் எல்லாரிடமும் ஒரு பொது அம்சம் உண்டு. முதலாளி இல்லாமலே கடை நடக்கும். வக்கீல் காலையில் நீதிமன்றம் போய்விட்டு மாலையில் மன்றத்துக்கு வரலாம். அவர் தொழிலும் மெல்போர்னில்தான். பத்திரிகைக்காரருக்கு மன்றமே தொழிலுக்கு உதவி. பல்லாரட்டில் குழிக்குள் இறங்குகிறவருக்கோ, ஜீலாங்கில் கூலி வேலை செய்கிறவருக்கோ மாதக்கணக்கில் மெல்போர்னில் தங்க யார் காசு கொடுப்பார்கள்?

அதைச் செய்து பார்த்த ஒருவர் உண்டு. சார்லஸ் ஜார்டைன் டான். ஸ்காட்லாந்துக்காரர், கல்தச்சர், பிரிட்டனில் உழைப்பாளிகளுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தில் ஊறியவர். 1853-ல் மெல்போர்ன் வந்தார். இங்கே கல்தச்சர்கள்தான் தொழிலாளர்களிலேயே கட்டுக்கோப்பானவர்கள். 1856 ஏப்ரல் 21 அன்று பல்கலைக்கழகக் கட்டட வேலையிலிருந்த கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, மற்ற கட்டடங்களில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, அப்போது எழும்பிக்கொண்டிருந்த நாடாளுமன்றக் கட்டடம் வரை ஊர்வலம் போனார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. டான் அந்த இயக்கத்தின் பேச்சாளர். 1859-ல் காலிங்வுட் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. அது மெல்போர்னை ஒட்டிய தொழிலாளர் பகுதி. பிரிட்டிஷ் பேரரசின் எந்தச் சட்டமன்றத்திலும் தொழிலாளி என்ற முறையிலேயே போய் உட்கார்ந்த முதல் ஆள் அவர் என்று சொல்வார்கள்.

பகலில் கல் கொத்துவார். மாலையில் கை கால் கழுவிக்கொண்டு மன்றத்துக்குப் போவார். நாடாளுமன்றக் கட்டட வேலையிலேயே பகலில் கல் கொத்திவிட்டு இரவில் அதே கட்டடத்துக்குள் விவாதம் செய்தார் என்றும் சொல்லப்படுவதுண்டு. கூட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போகும். மறுநாள் விடியலில் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். உளியும் சுத்தியலும் பிடிக்கிற வேலை, தூங்காமல் செய்யக்கூடியதல்ல. அவர் பேசிய விஷயங்களோ லேசானவை அல்ல: நிலம், சுங்கவரி, தொழிலாளர் நலன். 1860 ஆகஸ்டில், நிக்கல்சனின் நில மசோதாவை மேலவை நார் நாராகக் கிழித்ததைக் கண்டித்து நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூட்டம் திரண்டு கல்வீச்சு நடந்தபோது, அந்தக் கோபத்துக்கு மன்றத்துக்குள் குரல் கொடுக்கக்கூடியவர்கள் டானைப் போன்ற ஒரு சிலரே. 1864 தேர்தலில் இடத்தை இழந்தார். 1866-ல், நாற்பதுகளின் நடுவயதில் இறந்துபோனார். எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை இருந்த ஒரு நாட்டில், ஒரு கல்தச்சர் மக்கள் பிரதிநிதியாக இருப்பதற்குக் கொடுத்த விலை அது.

நிலம் என்றேனே, அதுதான் அந்தக் காலத்தின் முதல் பிரச்சினை. தங்கம் குறையக் குறைய, குழியிலிருந்து வெளியே வந்தவர்கள் விவசாயம் செய்ய நிலம் கேட்டார்கள். நல்ல நிலமெல்லாம் சொற்பக் குத்தகைக்கு மேய்ச்சல்காரர்கள் கையில். டஃபி 1862-ல் ஒரு சட்டம் செய்தார். ஒரு கோடி ஏக்கர் ஒதுக்கி, ஏக்கர் ஒரு பவுண்டு வீதம் 640 ஏக்கர் வரை சாதாரண ஆள் வாங்கலாம் என்றது சட்டம். எழுதியவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் பினாமியைத் தடுக்கும் விதிகள் பொத்தலாக இருந்தன. மேய்ச்சல்காரர்கள் தங்கள் வேலைக்காரர்கள், கூலிக்கு வந்த ஆட்கள் பெயரிலெல்லாம் விண்ணப்பம் போட்டு, திறந்துவிட்ட நிலத்தின் பெரும்பகுதியைத் தாங்களே வளைத்துக்கொண்டார்கள். அயர்லாந்தின் குத்தகை விவசாயிக்காகக் குரல் கொடுத்தவரின் பெயரைத் தாங்கிய சட்டம், பெரிய பண்ணைகளை இன்னும் பெரிதாக்கியது. டஃபி தன் வாழ்நாள் முழுக்க வருந்தியிருக்க வேண்டிய தோல்வி அது.

நிலமும் சம்பளமில்லாத உறுப்பினர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது 1869-ல் அம்பலமானது. ஹ்யூ கிளாஸ் அந்தக் காலனியின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், நிலத்தில் காசு பார்த்தவர். உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்தார் என்று குற்றச்சாட்டு எழுந்து, கீழவை விசாரித்தது. பணம் வாங்கியதாக ஜோன்ஸ், பட்டர்ஸ் என்ற இரண்டு உறுப்பினர்களை அவை வெளியேற்றியது. கிளாஸைச் சபாநாயகரின் உத்தரவில் சிறையில் அடைத்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தெருவில் கூட்டம் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றது. வெளியேற்றப்பட்டவர்களும் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துத் திரும்பி வந்தார்கள். வழக்கு பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1871-ல், லண்டன் கீழவைக்கு உள்ள அதே சிறப்புரிமை விக்டோரியா அவைக்கும் உண்டு, சிறைவைத்தது சரியே என்று தீர்ப்பானது. சிறப்புரிமை வழக்குகளைப் படிக்கிற சட்ட மாணவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கலாம்.

லஞ்சக் கூச்சல் அடங்குவதற்குள், 1870-ல், உறுப்பினருக்கு வருஷம் 300 பவுண்டு கொடுக்கும் சட்டம் நிறைவேறியது. இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். சம்பளம் கொடுத்தால் தகுதியில்லாதவர்கள் பிழைப்புக்காக வருவார்கள் என்று எதிர்த்தவர்கள் பயமுறுத்தினார்கள். சம்பளம் இல்லாதபோது யார் வந்தார்கள், யாரிடம் கை நீட்டினார்கள் என்பதை ஊர் அப்போதுதான் பார்த்திருந்தது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் 1911-ல்தான் வந்தது. நாற்பது வருஷ இடைவெளி.

1838-ல் லண்டனில் வெளியான மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு, ரகசிய வாக்கு, சொத்துத் தகுதி ஒழிப்பு, உறுப்பினருக்குச் சம்பளம் என்ற நான்கும் விக்டோரியாவில் 1870-க்குள் வந்துவிட்டன. வருஷா வருஷம் தேர்தல் என்ற கோரிக்கைக்குப் பதிலாக 1859-லிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தேர்தல். சம அளவுத் தொகுதிகள் மட்டும் வெகுகாலம் வரவில்லை. இங்கிலாந்தில் இவற்றைக் கேட்டதற்காகச் சிறை போனார்கள், நாடு கடத்தப்பட்டார்கள்.

ஆனால் இந்த 300 பவுண்டு நிரந்தரச் சட்டமாக வரவில்லை. தற்காலிகச் சட்டம். காலம் முடியும்போதெல்லாம் மேலவையின் சம்மதத்தோடு புதுப்பிக்க வேண்டும். விக்டோரியாவின் மேலவையைப் புரிந்துகொள்ளாமல் கீழவை உறுப்பினர்களைப் புரிந்துகொள்ள முடியாது. அது நியமன அவை அல்ல, தேர்தல் அவை. கேட்க நன்றாக இருக்கும். நியமன அவை என்றால் ஆளுநர் புதிய ஆட்களை நியமித்து எதிர்ப்பை முறியடிக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் 1861-ல் நில மசோதாவுக்கு அதைத்தான் முயன்றார்கள். தேர்தல் அவையை அப்படிச் செய்ய முடியாது. விக்டோரியாவின் மேலவையைக் கலைக்கவும் வழியில்லை. பத்து வருஷப் பதவி, பணக்காரர் மட்டுமே வாக்காளர், பணக்காரர் மட்டுமே உறுப்பினர். தங்களையும் ஒரு தொகுதி தேர்ந்தெடுத்தது என்று சொல்லிக்கொண்டு எதையும் மறுக்கலாம்.

1865-ல் சுங்கவரி விஷயத்தில் முதல் பெரிய மோதல். மேலவை மறுக்காமலிருக்க, கீழவை வரி மசோதாவைச் செலவு மசோதாவோடு சேர்த்துக் கட்டி அனுப்பியது. நிதி மசோதாவைத் திருத்த மேலவைக்கு அதிகாரமில்லை, முழுதாக ஏற்க அல்லது மறுக்கத்தான் முடியும். அது முழுவதையுமே தள்ளியது. அரசிடம் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. முதல்வர் மெக்கல்லக் ஒரு வழி கண்டுபிடித்தார். தான் இயக்குநராக இருந்த வங்கியிடமிருந்து அரசு கடன் வாங்கியது. வங்கி கடனைத் திருப்பித் தரச் சொல்லி அரசு மீது வழக்குப் போட்டது. அரசு எதிர்வாதம் செய்யவில்லை. தீர்ப்புப்படி கருவூலத்திலிருந்து பணம் போனது. மறுபடி கடன், மறுபடி வழக்கு. இதற்குத் துணைபோன ஆளுநர் டார்லிங்கை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

இரண்டாவது மோதல் நேராக உறுப்பினர் சம்பளத்தைப் பற்றியே வந்தது. 1877 தேர்தலில் பெர்ரி பெருவெற்றி பெற்றார். உறுப்பினர் சம்பளத் தொகையைச் செலவு மசோதாவிலேயே சேர்த்தார். மேலவை மசோதாவைக் கிடப்பில் போட்டது. 1878 ஜனவரியில், ஒரு புதன்கிழமை, பெர்ரி அரசு ஊழியர்களை நூற்றுக்கணக்கில் பணிநீக்கம் செய்தார். கீழ்நிலைக் குமாஸ்தாக்களை அல்ல. மாவட்ட நீதிபதிகள், மாஜிஸ்ட்ரேட்டுகள், துறைத் தலைவர்கள். மேலவைக்காரர்களின் உறவும் நட்பும் அந்த வட்டத்தில்தான் என்பது அவர் கணக்கு. மெல்போர்ன் பத்திரிகைகள் அதைக் கறுப்புப் புதன் என்றன. பணம் படைத்தவர்கள் பதறிப்போனார்கள். பெர்ரி செய்தது முரட்டுத்தனம்தான், வேலை இழந்தவர்களில் பலர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். ஆனால் ஒரு கீழவை, தன் உறுப்பினர்களில் ஏழைகளும் இருக்கட்டும் என்று முடிவு செய்வதற்கு, பணக்காரர்களின் அவை எட்டு வருஷம் கழித்தும் முட்டுக்கட்டை போட்டால் வேறு என்ன செய்வது என்ற அவர் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் சம்பளத்துக்குத் தனி மசோதா போட்டு, மேலவை அதை ஏற்றது. மேலவையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்க பெர்ரி அதே வருஷக் கடைசியில் லண்டனுக்கே கப்பல் ஏறினார். லண்டன் தலையிட மறுத்துவிட்டது.

லாலர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மன்றத்துக்குள் போன லாலர், சொத்துள்ளவர்களுக்குச் சாதகமான வாக்குரிமை விதிகளை ஆதரித்து வாக்களித்தார். பல்லாரட் கொதித்தது. ராஜினாமா செய் என்றார்கள். சாசனவாதம், பொதுவுடைமை, குடியரசு என்பதுதான் ஜனநாயகம் என்றால் நான் ஜனநாயகவாதி அல்ல, கொடுங்கோன்மை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எதிர்ப்பதுதான் என்றால் நான் ஜனநாயகவாதி என்ற பொருளில் பதில் சொன்னார். அடுத்த தேர்தலில் தொகுதி மாறி நின்றார். 1873-ல் கிளூன்ஸ் ஊரின் சுரங்கம் ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சீனத் தொழிலாளர்களை வைத்து அதை உடைக்கப் பார்த்த நிர்வாகத்தில் லாலரும் ஓர் இயக்குநர். ஊரே திரண்டு அவர்களின் வண்டிகளை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. 1880 முதல் 1887 வரை கீழவையின் சபாநாயகர். நல்ல சபாநாயகர் என்று இரு தரப்பும் மெச்சின. இதைத் துரோகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. யுரேகாவில் அவர் கேட்டது கொடுமையிலிருந்து விடுதலையும் சொந்த நிலமும். இரண்டும் அவருக்குக் கிடைத்துவிட்டன. டான் கேட்டது வேறு.

அந்த மன்றம் யாருக்கு இல்லை என்பதையும் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். 1863-ல் ஒரு தேர்தல் சட்டம் உள்ளாட்சி வரி கட்டுகிறவர்களின் பட்டியலையே வாக்காளர் பட்டியலாக எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் சொந்த வீடும் கடையும் வைத்திருந்த பெண்களும் இருந்தார்கள். 1864 தேர்தலில் காசில்மெயின் பகுதிச் சாவடி ஒன்றின் முன் ஒரு வண்டி நிறையப் பெண்கள் வந்து இறங்கி, ஒருவர் விடாமல் ஜீல் என்ற பிரம்மச்சாரி வேட்பாளருக்கு வாக்களித்துவிட்டுப் போனார்கள் என்று மெல்போர்ன் பத்திரிகை எழுதியது. மறு வருஷமே சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பெண்களுக்கு வாக்கு கொடுத்ததில் ஆஸ்திரேலிய மாநிலங்களிலேயே கடைசி விக்டோரியா, 1908-ல். ஆண்களுக்கு அவ்வளவு அவசரமாகக் கொடுத்த அதே மன்றம்.

சீனர்கள் மீது 1855-லேயே தலைக்குப் பத்து பவுண்டு நுழைவு வரி போட்டார்கள். பழங்குடி மக்களை வாக்குரிமைச் சட்டம் வெளிப்படையாக விலக்கவில்லை, ஆனால் அவர்களை வாக்காளராக யாரும் கருதவும் இல்லை. 1869-ல் அவர்கள் எங்கே வசிக்க வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சட்டத்தை இந்த மன்றம் நிறைவேற்றியது. கோரண்டெர்க் என்ற பழங்குடிக் குடியிருப்பின் தலைவர் வில்லியம் பராக், தங்கள் நிலத்தைப் பறிக்க வேண்டாம் என்று சொல்ல ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தே மெல்போர்ன் வந்து பெர்ரியைப் பார்த்தார். பெர்ரி அவர்களுக்கு உதவியும் செய்தார். பெர்ரி 1886-ல் காலனியின் பிரதிநிதியாகப் பதவியேற்க லண்டனுக்குப் போகும்போது கோரண்டெர்க்காரர்கள் திரும்பவும் வந்து நன்றி சொல்லி, தங்கள் கைவேலைப் பொருட்களைப் பரிசளித்தார்கள். அவர் போன சில மாதங்களில், கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்களைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றும் சட்டம் அதே மன்றத்தில் நிறைவேறியது. கோரண்டெர்க்கின் உழைக்கும் கைகள் அதோடு போயின.

கடைசியாக மேலவை. கீழவையில் 1857-ல் நடந்தது, மேலவையில் நடக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. 1881-ல் சொத்து வரம்புகளைக் குறைத்தார்கள், ஒழிக்கவில்லை. வயது வந்த எல்லாருக்கும் மேலவைத் தேர்தலில் வாக்கு என்ற சட்டம் 1950-ல்தான் வந்தது.